முறுக்கு விழாத இறக்கை

அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பனி விடவில்லை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, நானும் என் வீட்டுக்காரருமாக அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். மூட்டைகளுக்கு அடியில், சமையலறையின் கடப்பாக்கல் மேடையில், ராத்திரி முழுக்க அமுங்கிக் கிடந்த விமான இறக்கை வெளியே வந்தது.

பொம்மை விமானத்தின் இறக்கைதான். ஆனாலும் அதன் ஒரு பாதியை நிறுத்தி வைத்தால் என் இடுப்பு உயரம் வரும். உள்ளே தெர்மோகோல். மேலும் கீழும் பால்சா என்கிற மரத்தின் மெல்லிய தகடு. தென்னம்பாளையின் உள்பக்கம் போல வெளிர் நிறம். கையில் வைத்திருப்பதே தெரியாத எடை.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்கையின் ஓரத்தைப் பார்த்தார். "நேரா இருக்கு" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தேங்காயோ பானையோ, எது கையில் கிடைத்தாலும் தட்டிப் பார்ப்பேன். அன்றைக்கும் இறக்கையின் ஓரத்திலிருந்து நகத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். டொக், டொக் என்று ஒரே சீராக வந்த சத்தம் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் டப்பென்று உள்வாங்கியது. மறுபடி தட்டினேன். அதே டப்.

அந்த இடத்தில் மரம் தெர்மோகோலோடு ஒட்டவில்லை.

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நன்னிலத்தில் ஒருவர் இந்த இறக்கைக்காகக் காத்திருந்தார். அதைவிடப் பெரிய விஷயம், அடுத்த மாதம் ரியாத் போக என் வீட்டுக்காரருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

துபாயில் ஏது மரம்?

இதைப் புரிந்துகொள்ள அவர் ஊர் திரும்பிய கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அதிராம்பட்டினத்தில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவர் கொஞ்ச நாள் இருந்துவிட்டு விமானம் ஏறுவார். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், நானும் அவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறுமா என்பது சந்தேகம்.

மற்ற வீடுகளில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் டிரைவர் என்பார்கள், சூப்பர் மார்க்கெட் என்பார்கள். என் உம்மா மட்டும் விழிப்பார். பொம்மை விமானம் செய்கிற வேலை என்று ஊராரிடம் எப்படிச் சொல்வது? "கம்பெனி வேலை" என்று முடித்துக்கொள்வார்.

துபாயில் ஒரு வெள்ளைக்காரர் அப்படி ஒரு கடை வைத்திருந்தார். ரேடியோவில் ஓட்டுகிற விமானங்களுக்கான கடை. அதன் பின்னறையில் என் வீட்டுக்காரர் இறக்கை செய்தார். விழுந்து உடைந்து வருகிற இறக்கைகளைச் சரியும் செய்தார். முதலாளிக்கு வயதாகி, கடையை மூடிவிட்டுத் தன் நாட்டுக்குப் போனபோது, மிச்சமிருந்த பால்சாத் தகடுகளை எல்லாம் கட்டி இவரிடம் கொடுத்துவிட்டார்.

மெட்ராஸ் ஏர்போர்ட்டில் அந்த நீளப் பெட்டியைப் பிரிக்கச் சொன்ன அதிகாரி, "என்னங்க இது?" என்று கேட்டாராம்.

"மரம் சார்."

"துபாயில ஏதுங்க மரம்?"

பெட்டியை மூன்று பேர் சேர்ந்து தட்டிப் பார்த்தார்களாம். உள்ளே தங்கம் இருக்குமோ என்ற சந்தேகம். கடைசியில் ஒருவர் தகட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பஞ்சு மாதிரி இருக்கு, போங்க" என்று விட்டாராம்.

வீட்டிலும் அதே கதைதான். சென்ட் பாட்டிலும் போர்வையும் வரும் என்று காத்திருந்த சொந்தக்காரர்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்த்த தலைகள் எல்லாம் பின்னால் போயின. என் பெரியம்மாதான் சமாளித்தார். "நல்ல சாமான்தான். அடுப்புக்குப் போட்டா சட்டுன்னு பிடிக்கும்."

சரி, வச்சிடவா

அவர் வந்து சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தோம்.

இத்தனை வருஷமும் போனில் பேசிப் பழகியவர்கள் நாங்கள். நிமிஷம் ஓடுகிற பயத்தில் பேசிய பேச்சு. நல்லா இருக்கியா, புள்ள எப்படி, மழை உண்டா, சரி வச்சிடவா. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும் அவருக்கு அதே வேகம்தான். ஒருநாள் மீன் குழம்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பழக்கத்தில், "சரி, வச்சிடவா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கு வெட்கமாகப் போயிற்று. எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். வாப்பா என்றால் வந்துவிட்டுப் போகிறவர் என்பது அவளுக்குத் தெரிந்த நியாயம். மூன்றாம் மாதமும் அவர் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்து, "எப்ப போறீங்க வாப்பா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அவர் அவள் தலையைத் தடவினார்.

அந்த வாரம்தான் தெர்மோகோல் வாங்கி வந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று

இறக்கையை ஒருவர் தனியாக வெட்ட முடியாது. எனக்கு அதுவரை தெரியாது.

மூங்கில் வில்லில் நாண் போல ஒரு மெல்லிய கம்பி. அதில் மின்சாரம் கொடுத்தால் சூடாகும். தெர்மோகோல் கட்டியின் இரண்டு பக்கமும், இறக்கையின் வடிவத்தில் வெட்டிய சன்மைக்காத் துண்டுகளை ஊசி குத்தி நிறுத்த வேண்டும். வில்லின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்துக்கொண்டு, அந்தச் சன்மைக்காவின் மேல் கம்பியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கம்பி இறங்கும்.

துபாயில் மறுமுனையைப் பிடிக்க ஒரு மலையாளி இருந்தாராம். இங்கே நான்.

சிக்கல் என்னவென்றால், இறக்கை விமானத்தோடு சேருகிற பக்கம் அகலம், நுனி குறுகல். அகலப் பக்கம் நின்ற அவர் கைக்குத் தூரம் அதிகம். என் கைக்குக் குறைவு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்காகச் சன்மைக்காவில் ஒன்று, இரண்டு என்று கோடு போட்டு வைத்திருந்தார். அவர் எண்ணைச் சொல்லும்போது என் பக்கக் கம்பியும் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும்.

"ஒண்ணு" என்றார். நான் அப்போது மூன்றில் இருந்தேன்.

"என்ன அவசரம்?"

"நீங்க மெதுவாப் போனா நான் என்ன செய்யறது?"

"நான் மெதுவாப் போகலை. உன் பக்கம் தூரம் கம்மி. நிதானமா வா."

முதல் கட்டி வாய்க்கால் வரப்பு மாதிரி மேடும் பள்ளமுமாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. கருகிய நாற்றம் தெரு முழுக்கப் பரவி, பக்கத்து வீட்டிலிருந்து "என்னத்தைக் கருக விட்டே மைமூன்?" என்று குரல் வந்தது. நாங்கள் அன்று மூன்று முறை சண்டை போட்டோம். யோசித்துப் பார்த்தால் கல்யாணத்துக்குப் பிறகு நேருக்கு நேர் போட்ட முதல் சண்டை அதுதான். போனில் சண்டை போடக் கட்டுப்படியாகாது.

ஐந்தாவது கட்டியில் அவர் எண்ணிக்கொண்டே வர, என் கை தானாக நிதானப்பட்டது. கடைசிக் கோட்டில் கம்பி இரண்டு பக்கமும் ஒன்றாக வெளியே வந்தது. மேல் துண்டைத் தூக்கினார். உள்ளே இறக்கை. வழவழவென்று, தோலுரித்த நுங்கு மாதிரி.

அவர் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு, "டீ போடறேன், உனக்கும் வேணுமா?" என்றார். அவருக்கு டீ போடத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அதன் மேல் மரத்தகட்டை ஒட்டுவது இன்னொரு கண்டம். செருப்புக் கடைப் பசையைத் தடவினால் நல்ல பிடிப்பாக இருக்கும் என்று நினைத்தோம். அது தெர்மோகோலைச் சர்க்கரையைப் போலக் கரைத்துத் தின்றுவிட்டது. பிறகு இரண்டு குழாயில் வருகிற, கலந்து தடவுகிற பசை. அது மெதுவாகத்தான் இறுகும். அதுவரை மரத்தகடு அசையாமல், எல்லா இடத்திலும் ஒரே சீராக அமுங்கியிருக்க வேண்டும். வெட்டும்போது மிஞ்சிய தெர்மோகோல் அச்சுகளுக்கு நடுவே இறக்கையை வைத்து மேலே பாரம் ஏற்ற வேண்டும். செங்கல் வைத்தார், சரிப்படவில்லை. நான்தான் அரிசி மூட்டையைக் காட்டினேன். மூட்டை படிந்து உட்காரும்.

காக்காவின் போன்

இந்தச் சமயத்தில்தான் இரண்டு செய்திகள் வந்தன.

ஒன்று, நன்னிலத்துக்காரரான இளங்கோவனுடையது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. துபாய்க்கு ஆபீஸ் வேலையாகப் போன காலத்தில் அந்தக் கடைக்கு வந்துபோன பழக்கம். அவருடைய விமானம் போன வருஷம் தரையிறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து விழுந்து இறக்கை தூளாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இழுபறி. அறுவடைக்கு லீவில் ஊருக்கு வரும்போது ஓர் இறக்கை செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். பெங்களூரில் அவரைப் போல ஒரு கூட்டமே பறக்கவிடுகிறதாம். "இது சரியா வந்தா எல்லாரும் உங்ககிட்டதான் வருவாங்க பாய்" என்றார்.

இன்னொன்று, ரியாத்திலிருந்து என் காக்காவின் போன். காக்கா என்றால் எனக்கு அண்ணன். ஒரு கிடங்கில் வேலை, விசா தயார்.

"மச்சானை அடுத்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பி வை மைமூன். இதை விட்டா அடுத்தது எப்பன்னு சொல்ல முடியாது. பொம்மை செஞ்சு எத்தனை நாளைக்கு?"

காக்கா நல்லவர். எங்களுக்காக யார் யாரிடமோ கெஞ்சி வாங்கிய விசா. டிக்கெட்டும் அவரே போட்டார். என் வீட்டுக்காரர் சரி என்றார். நானும் சரி என்றேன். எங்கள் ஊரில் இதற்குச் சரி என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை.

அன்று இறக்கைக்கு மரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் தலை நிமிராமல் சொன்னார். "நன்னிலத்துல பறந்து காட்டட்டும். பறந்தா யோசிப்போம். இல்லேன்னா ரியாத்."

பென்சில் வட்டம்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

"மச்சான், இந்த இடத்துல ஒட்டலை" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. குனிந்து தட்டிப் பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதானே கேக்குது."

"இல்லை. இங்க மட்டும் வேற."

காதை வைத்துப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். மரம் உள்ளே போகவில்லை. "மேலோட்டமா இருக்கும். பெயிண்ட் அடிச்சா தெரியாது."

நான் மறுபடி அதே இடத்தைத் தட்டினேன். மேலே சுற்றும்போது அந்த இடம் பிளந்து, வயலில் எல்லோர் முன்னாலும் இறக்கை கழன்று விழுவது எனக்குத் தெரிந்தது. பிறகு இவர் யாரையும் பார்க்காமல் நடந்து வருவதும் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தோடு இவர் ரியாத்துக்குப் போவதை என்னால் தாங்க முடியாது. போகட்டும், ஆனால் அப்படிப் போக வேண்டாம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பென்சிலை என்னிடம் நீட்டினார். "எங்கேர்ந்து எங்க வரைக்கும், வரைஞ்சு காட்டு."

தட்டித் தட்டி வரைந்தேன். உள்ளங்கை அளவு வட்டம் வந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மருந்துக் கடையிலிருந்து ஊசி வாங்கி வந்தார். பசையை வெந்நீரில் வைத்து இளக்கி, ஊசியில் ஏற்றி, வட்டத்துக்குள் துளைத்துச் செலுத்தினார். பக்கத்தில் இன்னொரு சின்னத் துளை. அதன் வழியாகப் பசை முத்து முத்தாக எட்டிப் பார்த்ததும், "காத்து வெளிய வந்துடுச்சு" என்றார். மூட்டையை மறுபடி ஏற்றினோம்.

மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டார். "தட்டு."

தட்டினேன். வட்டத்துக்கு வெளியே டொக். உள்ளேயும் டொக். மூன்று முறை பார்த்தேன்.

வெள்ளைத் துணி வேண்டாம்

இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டியதும் இறக்கை ஆறடி ஆயிற்று. பஸ்ஸில்தான் கொண்டுபோக வேண்டும். அவர் ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்துச் சுற்றினார். நான் பார்த்துவிட்டுப் பதறிப்போனேன். ஆறடி நீளத்தில் வெள்ளைத் துணி சுற்றிய ஒன்றை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையில் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தால், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பச்சையும் சிவப்பும் கோடு போட்ட ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து சுற்றினேன்.

பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவாரூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். மன்னார்குடி பஸ்ஸில் கண்டக்டர், "என்னங்க, கதவா?" என்று கேட்டார்.

"இறக்கை" என்றார் இவர்.

கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, கடைசி சீட்டுல வச்சுக்கங்க" என்றார். வழியெல்லாம் அறுவடை. சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். பஸ் அதன் மேல் ஏறும்போதெல்லாம் சத்தமே இல்லாமல் மெத்தையில் போவது போல இருந்தது.

உளுந்து வயல்

இளங்கோவன் ரோட்டு முனையிலேயே நின்றிருந்தார். "வாங்க பாய். வாங்கக்கா." கூடவே அவருடைய அம்மா. ஒருகாலத்தில் அவர் கூலிக்கு அறுத்த வயலையே மகன் சம்பாதித்து வாங்கியிருந்தார். அந்த அம்மா இப்போதும் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டுதான் நின்றார்.

"ஒங்க சாமான் உளுந்துல விழுந்துடாமப் பாத்துக்கங்க. இப்பத்தான் ரெண்டு இலை விட்டிருக்கு" என்று முதல் வேலையாகச் சொன்னார்.

இறக்கையை விமானத்தின் உடலில் பூட்டினார்கள். வயலை ஒட்டிப் புதிதாகப் போட்ட தார் ரோடுதான் ஓடுபாதை. இன்ஜினைக் கிளப்பியதும் கோபம் கொண்ட வண்டு மாதிரி இரைந்தது. கொக்குகள் எழுந்து போயின. விமானம் ரோட்டில் ஓடி, சட்டென்று தரையை விட்டது.

நான் மேலே பார்த்தேன். என் வீட்டுக்காரர் மண்ணைப் பார்த்தார்.

இளங்கோவன் அதைச் சுற்ற விட்டார், குட்டிக்கரணம் அடிக்க விட்டார், உச்சிக்குக் கொண்டுபோய்த் தலைகீழாக இறக்கி, தரைக்குக் கொஞ்சம் மேலே வெடுக்கென்று நிமிர்த்தினார். அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இறக்கை இருந்தது.

"நல்லா இருக்கு பாய்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது.

அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கூடக் கேட்டது. விமானம் தூரத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அறுக்காத நெல்லுக்கு மேலே இருந்தது.

"போன தடவையும் இப்படித்தான். இன்ஜின் நின்னு, வேகம் குறையக் குறைய ஒரு பக்கம் சாஞ்சு குத்திடுச்சு" என்றார் இளங்கோவன். அவர் குரல் மாறியிருந்தது. "பாய், இறக்கையில முறுக்கு ஏதும் இல்லையே?"

இறக்கை லேசாக முறுகியிருந்தால், வேகம் குறையும்போது ஒரு பக்கம் மட்டும் முதலில் விழும் என்று என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். வேகமாகப் போகும்போது குறை தெரியாது. மெதுவாகும்போதுதான் தெரியும்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

"இல்லை" என்றார். "மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி விடுங்க சார். அவசரப்பட்டுத் தூக்காதீங்க. அது வரும்."

அது வந்தது. நெல்லைத் தாண்டியது. வாய்க்காலைத் தாண்டியது. இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக, தராசுத் தட்டு மாதிரி, இறங்கிக்கொண்டே வந்தது. மெதுவாகிக்கொண்டே வந்தது. சாயவே இல்லை. ரோட்டுக்கு வர முடியாமல், எங்களுக்கு முன்னாலிருந்த உளுந்து வயலில், ஒரு கொக்கு உட்காருவதைப் போல உட்கார்ந்தது.

அந்த அம்மாதான் முதலில் வரப்பில் இறங்கினார். உளுந்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போய், விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதிர்பார்த்த கனம் இல்லாததால் அவர் கை ஒருகணம் மேலே போய்விட்டது.

"நாலே நாலு செடிதான் போச்சு" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உக்காருங்க தம்பி. வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றார்.

இளங்கோவன் இறக்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பெங்களூருக்கு இன்னும் எத்தனை செய்ய முடியும் என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். மறுமுனையைப் பிடிப்பவள் நான்தானே.

"செய்யலாங்க" என்றேன்.

அன்று மாலை

வீடு வந்து சேரும்போது அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. தொழுதுவிட்டு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் கூடத்துத் தரையில் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். துபாயில் ஓயாத வேலை, இங்கே கவலை. பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓவியம் வரைய ஆரம்பித்தாள்.

பின்னாளில் நாங்கள் செய்த இறக்கைகள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போயின. சில வருஷம் நன்றாக இருந்தது, சில வருஷம் இழுத்துப் பிடித்தோம். அவர் மறுபடி கடல் தாண்டவில்லை. இதெல்லாம் அன்று மாலை எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவர் தூங்குகிறார் என்பது மட்டும்தான்.

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். காக்கா.

"மச்சானைக் கூப்பிடு. டிக்கெட் விஷயமா ஒண்ணு கேக்கணும்."

"அவங்க வரலை காக்கா" என்றேன்.

"எங்கே போயிருக்கார்?"

"எங்கேயும் போகலை. ரியாத்துக்கு வரலைன்னு சொல்றேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நிமிஷம் ஓடுகிறதே என்ற பயம் எனக்கு வரவில்லை.

"இதை அவர் சொல்றாரா, நீ சொல்றியா? போனை அவர்கிட்ட கொடு."

"தூங்குறாங்க."

"எழுப்பு."

திரும்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் புரண்டு, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"மாட்டேன் காக்கா" என்றேன். "தூங்கட்டும்."